டெலனோவேயா, வோவெரைட்டா?

பாரிஸ் மேயர் பெர்ட்ரான் டெலனோவே, பெர்லின் மேயர் கிளவுஸ் வோவெரைட்: இருவரும் தன்பாலீர்ப்பாளர்கள், 2001-இல் பதவிக்கு வந்து 2014-இல் விலகியவர்கள். இவர்களில் யாரை எனக்கு அதிகம் பிடிக்கும்?

டெலனோவே 1998-லேயே தொலைக்காட்சியில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வோவெரைட் மேயராவதற்குச் சில நாள் முன்பு கட்சி மாநாட்டில், "நான் தன்பாலீர்ப்பாளன், அதுவும் நல்லதுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனாலும் என் ஓட்டு டெலனோவேக்குத்தான். 2002-இல், ஒரு விழாவுக்காக மக்களுக்கு இரவு முழுக்கத் திறந்துவைத்த நகரமன்றத்தில் ஒருவன் அவர் வயிற்றில் கத்தியால் குத்தினான்; தன்பாலீர்ப்பாளர்களைப் பிடிக்காது என்று போலீஸிடம் சொன்னான். ரத்தம் சிந்திய நிலையிலும் விழா நிற்கக் கூடாது என்றார் டெலனோவே. தேறி வந்து 2007-இல் நகரெங்கும் வாடகை சைக்கிள் கொண்டுவந்தார். வோவெரைட் காலத்திலேயே திறந்திருக்க வேண்டிய பெர்லின் விமான நிலையமோ 2020-இல்தான் திறந்தது.