ஆதரின் லூசியும் விவியன் மலோனும்: ஒரே பல்கலைக்கழகம், இரண்டு நுழைவுகள்

இருவரும் கறுப்பின மாணவிகள். இருவருமே நீதிமன்ற உத்தரவோடுதான், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்துக்குள் போனார்கள். இடையில் ஏழு வருடம்.

லூசி 1956 பிப்ரவரி 3 அன்று வகுப்புக்குப் போனார். மூன்றாவது வகுப்பு நாளில் அவரை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டு முட்டையும் கல்லும் எறிந்தது. பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? கூட்டத்தை அடக்காமல், 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று லூசியை இடைநீக்கம் செய்தது. அவர் வழக்குப் போட்டதும், அவதூறு செய்தார் என்று ஒரேயடியாக நீக்கியது.

1963 ஜூன் 11 அன்று மலோன் வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸே வாசலை மறித்து நின்றார். ஆனால் இம்முறை அதிபர் கென்னடி மாநிலத்தின் தேசியக் காவல்படையை (நேஷனல் கார்டு) மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தார், வாலஸ் விலகினார். அன்று மலோனுடன் சேர்ந்த ஜேம்ஸ் ஹூட் சில வாரங்களில் போய்விட்டார். மலோன் 1965ல் பட்டம் பெற்றார், அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவராக.

துணிச்சலில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. பின்னால் நின்ற அரசுதான் வேறு. ஆனாலும் எனக்கு லூசியின் கதைதான் கனமாகத் தெரிகிறது. 1988ல் நீக்கத்தை ரத்து செய்தார்கள். சரி என்று திரும்பிப் போய், 1992ல் முதுகலைப் பட்டம் வாங்கினார். அதே விழாவில் அவர் மகளும் பட்டம் வாங்கினார்.