சியாவா, சப்ஜாவா, ஆளியா, எள்ளா? ஒரு மேசைக்கரண்டிக் கணக்கு

போன வைகாசியில் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு என் மாமியார் ரோஸ்மில்க் கலக்கினார். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, இரண்டு கரண்டி விதையைக் கிண்ணத்தில் ஊறப்போட்டார். ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் விதை போட்டபடியே கிடந்தது. பத்து நிமிடமாகியும் அப்படித்தான். "ஏம்மா, இது பழசா? மலரவே மாட்டேங்குதே" என்று கூடத்துக்குக் குரல் வந்தது. அவர் எடுத்தது சப்ஜா டப்பா இல்லை, என் சியா டப்பா.

இந்தக் குழப்பம் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. சியாவும் சப்ஜாவும் ஒன்றே, பெயர்தான் வேறு என்று அடித்துச் சொல்பவர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். உறவு உண்டு, மறுக்கவில்லை. இரண்டுமே துளசி, புதினா வகையறாச் செடிகள். ஆனால் சப்ஜா நம் திருநீற்றுப்பச்சிலையின் விதை. (யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைத்தான் கசகசா என்பார்கள், நம் ஊர்க் கசகசா வேறு சாமான், சமையல் குறிப்பு படிக்கும்போது கவனம்.) சியா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பயிர். ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பே அஸ்டெக் மக்கள் அதை மாவாக்கியும் கரைத்தும் சாப்பிட்டார்கள். இன்று கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கமும் மத்தியப் பிரதேசத்திலும் விளைகிறது. கண்ணால் பிரித்தறிவது எளிது: சப்ஜா மை போல ஒரே கறுப்பு, சியா காடை முட்டை ஓட்டைப் போலச் சாம்பல், பழுப்பு, வெள்ளை எனப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

ஊறும் விதமும் வேறு. சப்ஜா ஐந்தே நிமிடத்தில் ஒவ்வொரு விதையும் தனித்தனியாகக் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொள்ளும். சியாவுக்கு அரை மணி நேரமாவது வேண்டும், இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. தன் எடையைப் போலப் பத்து மடங்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுற்றியிருக்கும் தண்ணீரையும் கொழகொழவென்று ஆக்கிவிடும். அதனால் சர்பத், ரோஸ்மில்க், ஃபலூடா என்றால் சப்ஜாதான். அங்கே சியாவைப் போட்டால் குடிக்க வேண்டியதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டிவரும். தயிரிலோ ஓட்ஸிலோ கலந்து காலைச் சாப்பாடாக்க வேண்டுமென்றால் சியா. சப்ஜா உடல் சூட்டைத் தணிக்கும் என்கிறார்களே என்றால், தணிப்பது விதையா, கூடவே உள்ளே போகும் ஒரு சொம்புத் தண்ணீரா என்ற கேள்வியில் என் ஓட்டு தண்ணீருக்கு.

இனி சத்துக் கணக்கு. பொட்டலங்களில் எல்லாமே நூறு கிராமுக்குத்தான் போட்டிருக்கும். 'பாலைவிட ஐந்து மடங்கு கால்சியம்' என்ற விளம்பரம் அங்கிருந்துதான் வருகிறது. நூறு கிராம் சியாவில் சுமார் 630 மில்லிகிராம், பாலில் சுமார் 120. கணக்கு சரிதான். ஆனால் நூறு கிராம் சியாவை ஒரே நாளில் யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி பன்னிரண்டு கிராம் இருக்கும், அதில் கால்சியம் 75 மில்லிகிராம்தான். ஒரு டம்ளர் பாலுக்கு ஈடுகட்ட மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டும்.

கால்சியத்துக்காக விதை வாங்குகிறீர்கள் என்றால் எள் சியாவை முந்துகிறது. தோல் நீக்காத எள்ளில் நூறு கிராமுக்கு 975 மில்லிகிராம், இரும்புச்சத்தும் சியாவைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கம். ஒரு குறை சொல்லியாக வேண்டும்: எள்ளின் கால்சியம் பெரும்பாலும் தோலில், ஆக்சலேட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அத்தனையும் உடம்பில் சேராது. சியாவிலும் பைட்டேட் என்ற தடுப்பான் உண்டு. ஆக இருவருமே பரீட்சையில் வாங்கிய மார்க் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. இந்த இடத்தில் கேழ்வரகு ஓரமாக நின்று சிரிக்கும். நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில்தான், ஆனால் அதைக் கரண்டியால் அளப்பதில்லை. ஒரு வேளைக் களிக்கோ இரண்டு அடைக்கோ ஐம்பது அறுபது கிராம் மாவு சாதாரணமாகப் போய்விடும். கரைத்துப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினால் பைட்டேட்டும் குறையும்.

நார்ச்சத்துக்கு வந்தால் சியாவை அசைக்க முடியாது. நூறு கிராமில் 34 கிராம் நார், ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, இரவு தோசை என்று ஓட்டுகிற வீட்டில் அந்த 25 எட்டாக்கனி. அங்கே ஒரே கரண்டியில் ஆறில் ஒரு பங்கு கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. நான் சியா வாங்குவதற்கு உண்மையான காரணம் இது ஒன்றுதான். எள்ளில் அதே கரண்டிக்கு ஒன்றரை கிராம் தேறுவதே கடினம். ஆளி விதை (கடைகளில் ஃபிளாக்ஸ் என்பார்கள்) மூன்று கிராமுக்கு மேல் தருகிறது, விலையும் குறைவு.

ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்புக்கான பந்தயத்தில் ஆளியே முதல். நூறு கிராமில் 22 கிராமுக்கு மேல், சியாவில் 18 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எள் இதில் ஆட்டத்திலேயே இல்லை. ஆனால் ஆளியை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். லேசாக வறுத்துப் பொடிக்க வேண்டும். பொடித்ததும் நாள்பட வைத்தால் காறல் வாசனை வந்துவிடும், எனவே சின்ன அளவாக அரைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மராட்டியர்கள் ஆளியைப் பூண்டு, மிளகாயோடு இடித்து ஜவஸ் சட்னி என்று ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். அதே பக்குவத்தை இட்லிப்பொடியில் கால் பங்கு சேர்த்துப் பார்த்தேன், வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சியாவைப் பொடிக்கத் தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். வட கரோலினாவில் நடந்து 2012ல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சந்தேகப்பட வைத்தது. உடல் எடை கூடிய பெண்களுக்குப் பத்து வாரம் தினம் 25 கிராம் சியா கொடுத்தார்கள். பொடித்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில்தான் ஒமேகா-3 உருப்படியாக ஏறியது, முழு விதை சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. நாருக்காகச் சாப்பிட்டால் முழுசாகவே இருக்கட்டும், ஒமேகாவுக்கு என்றால் மிக்ஸியில் ஒரு சுற்று. இன்னொன்றும் உண்டு: விதைகளில் இருக்கும் ஒமேகா-3 மீனில் இருக்கும் ஒமேகா-3 இல்லை. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மீன் வகையாக மாற்றிக்கொள்கிறது. மீன் சாப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் மத்தி வாங்கிக் குழம்பு வைத்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

எடை குறையுமா? அதே வட கரோலினா குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடியவர்கள் பன்னிரண்டு வாரம் தினம் ஐம்பது கிராம், அதாவது நாலு மேசைக்கரண்டி, சாப்பிட்டார்கள். எடையில் மாற்றம் இல்லை. 'எனர்ஜி' தரும் என்பதும் அந்த ரகம்தான். ஒரு மேசைக்கரண்டி சியா சுமார் 58 கலோரி, ஏறக்குறைய ஓர் இட்லி. இட்லியை யாரும் எனர்ஜி என்று பாட்டிலில் ஒட்டி விற்பதில்லை. நார் இருப்பதால் பசி மெதுவாக வரும், பதினோரு மணிக்கு வடைக்குக் கை நீளாது. என் அனுபவத்தில் சுறுசுறுப்பு என்று தோன்றியது அந்த வடை இல்லாததுதான்.

ரத்த அழுத்தத்தில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. டொரண்டோவில் நடந்து 2007ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தினம் 37 கிராம் அளவில் சியா சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மேல் அழுத்தம் இறங்கியது. இருபது பேர்தான், அதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அழுத்தத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013ல் பொட்டலச் சியாவுக்கு வைத்த வரம்பு நாளுக்கு 15 கிராமாக இருந்தது. எனக்கு ஒரு மேசைக்கரண்டியே போதுமாக இருந்தது. முதல் வாரம் உற்சாகத்தில் மூன்று போட்டு, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், வயிறு கல்லாகி இரண்டு நாள் அவஸ்தைப்பட்டேன். ஊறாத விதையை வாயில் கொட்டித் தண்ணீர் குடிப்பது மட்டும் கூடவே கூடாது. 2014ல் அமெரிக்காவில் நடந்த இரைப்பை-குடல் மருத்துவர்கள் மாநாட்டில் ஒருவரின் கதையைச் சொன்னார்கள்: 39 வயது, ஏற்கெனவே விழுங்குவதில் சிரமம் உண்டு, ஒரு கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கித் தண்ணீர் குடித்தார். விதை உணவுக்குழாயிலேயே ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டது, உள்நோக்கிக் குழாய் விட்டு அடைப்பை நீக்க வேண்டியிருந்தது. சப்ஜாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கூடுதலாக.

இப்போது எங்கள் அலமாரியில் நாலு டப்பாவும் இருக்கின்றன. எள் உருண்டைக்கும் பொடிக்கும், ஆளி இட்லிப்பொடிக்கும், சியா என் காலைத் தயிருக்கும். தீர்ந்தால் கடைக்கு ஓட வைப்பது எள்ளும் ஆளியும்தான். சியா தீர்ந்து ஒரு மாதம் ஆனாலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொய்யாப்பழமும் அந்த நாரைக் கொடுத்துவிடுகின்றன. சப்ஜா மாமியாரின் இலாகா. சியா டப்பாமேல் அவரே வெள்ளைக் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறார்: 'மலராது. ரோஸ்மில்க்குக்கு எடுக்காதே.'