சாட்ஜிபிடி டீப் ரிசர்ச்: அது திருப்பிக் கேக்குற கேள்விதான் மேட்டரே

2025 பிப்ரவரில ஓப்பன்ஏஐ கம்பெனி சாட்ஜிபிடிக்குள்ள டீப் ரிசர்ச்ங்கிற இந்த வசதிய (கேள்விய குடுத்தா வெப்ல தேடிப் படிச்சு ரிப்போர்ட்டா எழுதிக் குடுக்கும்) விட்டப்ப எல்லாரும் ரிப்போர்ட் நீளத்தையும், 5 நிமிஷத்துலருந்து 30 நிமிஷம் வரைக்கும் அதுவா வெப்ல தேடுறதையும் பத்தித்தான் பேசுனாங்க. எனக்கு பிடிச்சது வேற. கேள்விய போட்ட உடனே ஓடாம பெரும்பாலும் முதல்ல நம்மகிட்ட ரெண்டு மூணு விஷயம் திருப்பிக் கேக்கும் பாருங்க, அதுதான். நிறைய பேரு அதுக்கு "எதுவா இருந்தாலும் ஓகே"ன்னு தட்டிவிட்டுட்டு அப்புறம் ரிப்போர்ட் மொக்கைன்னு திட்டுறாங்க.

கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் "பைத்தான் கத்துக்கணும், பிளான் போட்டுக் குடு"ன்னு இதுகிட்ட கேட்டாரு (பைத்தான்னா புரோகிராம் எழுதுற ஒரு மொழி). எதுக்கு கத்துக்கிறீங்க, வேலை மாறவா இல்ல இப்ப பாக்குற வேலைல எதையாவது ஆட்டோமேட் பண்ணவான்னு அது கேட்டுச்சு, இவரு "சும்மா ஜெனரலா"ன்னு போட்டுட்டாரு. வந்த ரிப்போர்ட்ல லூப், கிளாஸ், வெப் ஃபிரேம்வொர்க், மெஷின் லேர்னிங்னு ஊர்ல உள்ளதெல்லாம் இருந்துச்சு, இவருக்கு வேண்டியது மட்டும் இல்ல. அப்புறம் பக்கத்துல உக்காந்து நோண்டி நோண்டி கேட்டா, மாசக் கடைசில ஒவ்வொரு பிராஞ்சுலருந்தும் வர்ற எக்ஸெல் ஃபைல கையால காப்பி பேஸ்ட் பண்ணி ஒரே ஷீட்டாக்குறதுல பாதி நாள் போயிடுதாம், அவ்ளோதான் பிரச்சன. அதயே டைப் பண்ணோம், எல்லா ஃபைல்லயும் காலம் (column) தலைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்கன்னும் சேத்து. பைத்தானே வேணாம், எக்ஸெல்லுக்குள்ளயே நிறைய ஃபைல ஒண்ணா சேக்குற பவர் குவெரின்னு ஒரு வசதி இருக்கு, ஃபைலெல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டு அத ஒருதடவ காட்டிவிடுங்க, அடுத்த மாசம் புது ஃபைல போட்டு ரெஃப்ரெஷ் அமுக்குனா போதும்னு வந்துச்சு. (2016 எக்ஸெல்லருந்தே உள்ளயே இருக்குற ஐட்டம் அது, இதுக்கு டீப் ரிசர்ச்சே ஓவர்தான்.)

குறைன்னா, அது கேக்குற கேள்வி பெரும்பாலும் எந்த வருஷம், எந்த நாடு, டேபிளா வேணுமான்னு சுத்தியே நிக்குது. இத படிச்சிட்டு நீங்க என்ன முடிவெடுக்கப் போறீங்கன்னு கேக்குறது அபூர்வம், அத நாமதான் முதல் வரிலயே எழுதணும். கூடவே ஏற்கனவே எதயெல்லாம் பாத்து வேணாம்னு தள்ளிட்டோம்னும் சொல்லிடணும், இல்லன்னா ரிப்போர்ட்ல பாதி அதுதான் இருக்கும். சோர்ஸ் லிங்க் குடுக்குது, ஆனா முக்கியமான நம்பர்னா லிங்க திறந்து ஒருவாட்டி பாத்துருங்க, தப்பா சொல்றதும் உண்டு.

சாதா சாட்னா, எந்த கம்பெனியோடதா இருந்தாலும் சரி, பாதி சொன்னா மீதிய அதுவே ஊகிச்சு கடகடன்னு எழுதிரும், படிக்க நல்லா வேற இருக்கும், அதனால வேற ஏதோ கேள்விக்கு வந்த பதில்னே தோணாது. "பதில் சொல்றதுக்கு முன்னாடி உனக்கு என்ன தெரியணுமோ கேளு"ன்னு ஒரு வரி சேத்தா கேக்கும். "நீ ஒரு உலகத்தர நிபுணர்"னு ஆரம்பிக்கிற பிராம்ப்ட் (ஏஐகிட்ட நாம டைப் பண்ற கேள்வி, கட்டளை) லிஸ்ட்டு விக்கிறாங்களே, அத விட இந்த ஒரு வரி எவ்ளோவோ மேல்.

நாலு ஸ்டார் குடுப்பேன். மாசத்துக்கு இத்தனைதான்னு லிமிட் இருக்கு, அதனால என்ன வேணும்னு உங்களுக்கே குழப்பமா இருந்தா சாதா சாட்ல நாலு வார்த்த பேசி தேத்திட்டு, அங்க கடைசியா தெளிவா வந்த பாராவ மட்டும் தூக்கிட்டு வந்து டீப் ரிசர்ச்ல போடுங்க.