கதை வட்டத்தில் சேரலாமா? ஒரு தர்மபுரி அனுபவம்

எங்கள் கதை வட்டத்துக்குச் சிலர் அன்றைய கதையைப் படிக்காமல் வருகிறார்கள். எனக்கு இருக்கும் குறை இது ஒன்றுதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நல்லதைச் சொல்லத் தொடங்கினால் கோபம் ஆறிவிடும். இந்த விஷயத்தில் அது ஆறக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அண்மையில் கதை எழுத ஆரம்பித்திருக்கிறாள். "உங்கள் தர்மபுரி வட்டத்தில் நானும் சேரலாமா?" என்று போன வாரம் கேட்டாள். நான் கிருஷ்ணகிரியிலிருந்து சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். இப்படிப்பட்ட வட்டங்கள் எப்படி நடக்கும் என்பது எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு, வட்டத்தில் இருப்பவர்கள் எழுதிய இரண்டு கதைகள், முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப், கூடவே தாள் பிரதி, நான்கு ரோட்டுக்கு அருகே ஒரு டியூஷன் சென்டரின் மாடி. எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஒவ்வொருவராகக் கதையின் நிறைகுறைகளைப் பேசுவார்கள். கடைசி ஆள் முடித்த பிறகுதான் எழுதியவருக்குப் பேச்சுரிமை.

இந்த வாய்ப்பூட்டு பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும். 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடி நடத்திய பட்டறையின் பெயரால் அறியப்படும் முறை இது. 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறை இதை மேலும் பரப்பியது. நம்மிடமும் புதிய நூலை அவையில் படித்துக்காட்டி ஒப்புதல் பெறும் அரங்கேற்றம் என்ற ஒன்று இருந்தது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்ற புலவர் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் முன்னுரையான பாயிரம் சொல்கிறது. அங்கே நூல் செய்தவர் கேட்டவருக்குக் குற்றமற விளக்க வேண்டியிருந்தது. இலக்கண நூலுக்கு அது பொருந்தும். கதைக்குப் பொருந்தாது. என் கதையை அரூரில் யாரோ ஒருவர் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தாளில் இல்லாதது அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. அதனால் எழுதியவர் வாயை மூடிக்கொண்டு கேட்கும் அந்த அரை மணி நேரம் மிகப் பெரிய பயிற்சி.

ஆனால் இரண்டு முறைக்கும் ஒரே அடிப்படைதான். அதங்கோட்டாசான் கேட்டுவிட்டுத்தான் பேசியிருப்பார். மில்ஃபோர்டில் கூடியவர்களும் ஒருவர் கைப்பிரதியை மற்றவர் படித்துவிட்டுத்தான் வட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அடிப்படையைத்தான் எங்கள் வட்டம் காலில் போட்டு மிதிக்கிறது.

நல்லதைச் சொல்கிறேன். பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு கதை கொண்டுவந்தான். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்கு மருமகளாக வருகிறாள். மாமியாரின் பற்களில் பழுப்புக் கறை. சில ஆண்டுகள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததும் மருமகளின் பற்களும் அப்படியே ஆகிவிடுகின்றன. மாமியாரைப் போலவே அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கதை அத்தோடு முடிகிறது. படித்தபோது எனக்கு உருக்கமாகத்தான் இருந்தது.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அம்மா. தன் முறை வந்ததும், "கண்ணு, இந்தப் பெண் கல்யாணமாகி வந்தவள்தானே? இவளுக்கு எப்படிக் கறை வரும்?" என்று கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் கறை படிவது, பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில்தான். முளைத்து முடிந்த பல்லை அது அப்படி மாற்றாது. பாதுகாப்பான அளவு என்று சொல்லப்படுவது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைவிட மிகுதியான தண்ணீரைப் பல ஆண்டுகள் குடிக்கும் பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். "உன் மருமகளின் பல் கடைசி வரை வெள்ளையாகத்தான் இருக்கும். முழங்கால்தான் மடங்காது. கறை அவள் பெற்ற குழந்தைக்கு வரும்" என்றார்.

அந்தத் தம்பி கதையை முழுவதும் திருப்பி எழுதினான். வெள்ளைப் பல்லும் மடங்காத முழங்காலுமாக ஒரு தாய். பழுப்புப் பல்லோடு வளரும் மகள். 2013இல் ஃபுளோரைடு மிகாத காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பிறகு பிறந்த பேத்தி. மூன்று தலைமுறை ஒரே திண்ணையில் உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறது. முதல் வடிவத்தில் இரக்கம் மட்டும் இருந்தது. இரண்டாவதில் ஒரு நிலத்தின் வரலாறே வந்து உட்கார்ந்துவிட்டது. சென்னையில் இருக்கும் பத்திரிகை ஆசிரியர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இந்தத் திருத்தத்தைத் தந்திருக்க முடியாது. இந்த மாவட்டத்துத் தெருக்களில் மருந்துப் பையோடு நடந்த ஒருவரால்தான் முடிந்தது.

மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் இதே ரகம். கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் தை மாதத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதாக ஒருவர் எழுதிவிட்டார். தை மாதத்தில் மரத்தில் பூதான் இருக்கும் என்றார் அண்ணன். பூவைப் பார்த்துக் காய் மதிப்பிட்டுத் தோப்பைக் குத்தகை பேசும் வியாபாரிகள் வருவது அப்போதுதான் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். இன்னும் பிறக்காத பழத்துக்கு விலை பேசுகிற அந்தக் காட்சியைக் கேட்டதும் அறையில் இருந்த எல்லோருக்கும் எழுதக் கை துறுதுறுத்தது.

என் கதைகளுக்கு மிகவும் உதவியவர் ஒரு பஸ் கண்டக்டர். அவர் ஆலோசனை எதுவும் சொல்ல மாட்டார். "மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்ததும் தொடரத் தோன்றவில்லை. மறுநாள்தான் படித்தேன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். எந்த இடத்தில் கை நழுவியது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். சரிசெய்வது என் வேலை. இப்படி ஒரு வாசகர் கிடைக்க எழுதுகிறவர்கள் தவம் இருக்க வேண்டும்.

இப்போது படிக்காதவர்களுக்கு வருகிறேன்.

படித்தவரால் இடத்தைக் காட்ட முடியும். படிக்காதவரால் முடியாது. அதனால் அவர் யோசனை சொல்வார். "முடிவை இன்னும் அழுத்தமாக வைக்கலாம்." "தொடக்கம் கொஞ்சம் நீளம்." "பெண் பாத்திரத்துக்கு இன்னும் வலு வேண்டும்." எந்தக் கதைக்கும் ஒட்டும் சொற்கள் இவை. இதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசையாகப் பேசும் முறையில் இதைவிடப் பெரிய கேடு ஒன்று நடக்கிறது. முன்னால் பேசியவரின் கருத்தைப் பின்னால் இருப்பவர் கடன் வாங்குகிறார். "அண்ணன் சொன்னதுதான் எனக்கும் தோன்றியது" என்று தொடங்குகிறார். அடுத்தவர் அதையே பிடித்துக்கொள்கிறார். உண்மையில் ஒருவருக்குப் பட்ட குறை, வட்டம் சுற்றி முடியும்போது ஐந்து பேரின் தீர்ப்பாகிவிடுகிறது. வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் என்ன நினைப்பார்? ஐந்து பேருக்கும் ஒரே இடம் இடித்திருக்கிறதே, அப்படியானால் அது தவறாகத்தான் இருக்கும் என்று நினைப்பார். வாய்ப்பூட்டு முறை நியாயமாக இருப்பது, எதிரே இருப்பவர்கள் படித்திருக்கும் வரைக்கும்தான். படிக்காதவர்கள் முன்னால் ஒருவரை வாய்மூடி உட்கார வைப்பது கொடுமை.

போன கூட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் கதை. தக்காளி விலை விழுந்து, ஏற்றுகூலிகூடக் கிடைக்காமல் கூடைகளைச் சாலையோரம் கொட்டிவிட்டு வரும் கணவன் மனைவியைப் பற்றியது. முதல் இரண்டு பக்கங்களில் அவர்கள் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். அந்த மௌனத்தில்தான் கதையே இருக்கிறது. முதலில் பேசியவர் "ஆரம்பத்தில் உரையாடல் இல்லாதது அலுப்பாக இருக்கிறது" என்றார். அவர் படித்திருந்தார், அது அவருடைய ரசனை, மறுக்கமாட்டேன். அடுத்த நான்கு பேரும் அதையே சொன்னார்கள். அவர்களில் ஒருவர், கதையில் வரும் கணவனை அந்தப் பெண்ணின் தம்பி என்று குறிப்பிட்டார். கூட்டம் முடிந்ததும் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தேன். மூன்று பிரதிகளில் பென்சில் தொட்ட அடையாளமே இல்லை. ஒன்றில் பக்கங்களை மூடிக் குத்தியிருந்த ஸ்டேப்ளர் கம்பி பிரிக்கப்படவே இல்லை. அந்த ஆசிரியை வீட்டுக்குப் போய் முதல் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டார். இரவு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: "எல்லோரும் சொன்னார்களே அக்கா."

அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு வேலைக்குப் பிறகு பஸ் ஏறி, காவேரிப்பட்டணம் தாண்டும்போது கைப்பேசியைத் திறந்து, குலுங்குகிற வெளிச்சத்தில் இருபது பக்கம் படிப்பது எளிதல்ல. அறுவடை நேரத்தில் விவசாயிகளுக்கு நேரம் கிடையாது. வீட்டு வேலை முடியவே பெண்களுக்கு இரவு பதினொன்றாகிறது. எல்லாம் உண்மை. அதற்கு ஒரு வரி போதும்: "இந்த மாதம் படிக்கவில்லை, மன்னியுங்கள்." எங்கள் வட்டத்தில் இதைத் தயங்காமல் சொல்கிற ஒருவர் இருக்கிறார். அவர் ஒருபோதும் ஒரு கதையைக் கெடுத்ததில்லை. அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் குறிப்பெழுதிய பிரதியை மேசையில் வைத்துவிட வேண்டும், குறிப்பில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். "கண்டிப்பு காட்டினால் ஆள் குறையும்" என்றார் நடத்துகிறவர். குறையட்டுமே! செவிலியர் அம்மாவும் கண்டக்டரும் மாந்தோப்பு அண்ணனும் மட்டும் இருந்தாலே எனக்கு அது நிறைந்த சபை. இன்னும் நான்கு நாற்காலி நிரம்பியிருப்பதால் யாருடைய கதையும் மேம்படவில்லை.

ஆக, தோழிக்கு என் பதில்: இப்போது சேராதே. மேலே நான் எழுதிய பாராட்டுகளில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை; இந்த இரு மாவட்டங்களிலும் இதைவிடப் பயனுள்ள இடத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் சேராதே. முதல் கதையைக் கையில் வைத்திருப்பவளுக்கு, ஐந்து குரல்களில் எது படித்த குரல் என்று பிரித்துக் கேட்கும் காது இருக்காது. அது வருவதற்குள் நல்ல இரண்டு பக்கங்களை நீயும் எடுத்துவிடுவாய்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். அன்றைக்கு என் கதை. எல்லாப் பிரதிகளின் மேலும் பெயர் எழுதி, பக்க ஓரத்தில் இடம் விட்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். பேசத் தொடங்கும் முன்பே பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளப்போகிறேன். பாலக்கோட்டு ஆசிரியையிடம் அந்த இரண்டு பக்கங்களையும் மீண்டும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கண்டக்டர் சாருக்கு அந்த ஆசிரியையின் முழுக் கதையை நானே அனுப்பிவிட்டேன்.