'குளூட்டன் ஃப்ரீ' பிரெட் கலவையில் பால் இருந்தது

ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பிரெட் கலவை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். என் மகளுக்குக் கோதுமை, பால், முட்டை மூன்றுமே ஆகாது. ஆகாது என்றால் வயிற்று உப்புசம் இல்லை, உதடு வீங்கி மூச்சுத் திணறுகிற அளவுக்கு.

மாவு கலந்து விற்கும் ஒருவரிடம் மூன்றையும் எழுதி அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். "பயப்படாதீங்க அக்கா, குளூட்டன் ஃப்ரீதான், பாப்பாவுக்குத் தாராளமா கொடுங்க" என்று பதில் வந்தது. குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் புரதம். பொட்டலத்தில் பெயரும் எடையும்தான் இருந்தன, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பிரெட் வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள், அந்த ஆசையில் சுட்டுவிட்டேன்.

பாதித் துண்டு சாப்பிட்டிருப்பாள். பத்து நிமிடத்தில் வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் இருமல். கடும் ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் எபிநெஃப்ரின் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் 'வே பவுடர்' சேர்த்ததாக அந்த அம்மா சொன்னார். வே என்பது பால் திரிந்ததும் பிரிந்து வரும் தண்ணீர், அதை உலர்த்திய பொடி அது, பால் புரதம் அதில் இருக்கிறது. "அதுல லாக்டோஸ் கம்மிதானே அக்கா" என்றார். லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை, அது செரிக்காமல் போவது வேறு, பால் புரதத்துக்கு உடம்பு இப்படிச் சீறுவது வேறு. ஒவ்வாமைக்காரர்களுக்கென்று விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா? பணத்தையும் திருப்பித் தரவில்லை.

மாவு இழுபட்டு உப்பிக் காற்றைப் பிடித்து வைத்திருப்பதே குளூட்டனால்தான். அதை எடுத்துவிட்டால் பிரெட் உதிர்ந்துவிடும் என்பதால் அந்த வேலைக்கு முட்டை வெள்ளையையோ பால் புரதத்தையோ போடுகிறவர்கள் நிறைய. அதனால் குளூட்டன் இல்லை என்று படித்த உடனே பதிலுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'முட்டைக்கு மாற்று' என்று விற்கும் சிலவற்றில் முட்டை வெள்ளைதான் இருக்கிறது. கோதுமை ஒவ்வாமைக்காரர்களுக்கு இன்னொன்று: கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், ஆகவே குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச்கூட அதில் இருக்கலாம்.

இப்போது நானேதான் கலக்கிறேன். அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சுமாக 500 கிராம், 25 கிராம் இசப்கோல் உமி, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய், மாவின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமாகத் தண்ணீர். உமியை முதலில் தண்ணீரில் ஊறவிட்டால் கூழாகி மாவைப் பிடித்துக்கொள்ளும், அடித்துப் பிசைய வேண்டியதில்லை. முழுக்க ஆறும் முன் வெட்டாதீர்கள், உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். மாவு அரைக்கிற இடத்தில் கோதுமையும் அரைக்கிறார்களா என்று விசாரியுங்கள், டோஸ்டரைத் தனியாக வையுங்கள்.

அந்தக் கலவை இன்னும் அதே பெயரில்தான் விற்கிறது. பொட்டலத்தில் இன்னும் பட்டியல் இல்லை.