சிறுநீர்ச் சோதனை 'நெகட்டிவ்' என்றதை நம்பி ஐந்து மாதம் இழந்தோம்

யாருக்காவது சிறுநீரில் ரத்தம் போய், "டியூப் விடவே வேண்டாம், சிறுநீரைக் கொடுத்தாலே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவோம்" என்று ஒரு லேப் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் தானாகவே தெளிந்துவிட்டதால் எங்களிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். டாக்டர் கேட்டதுமே ஸ்கேனும் சிஸ்டோஸ்கோபியும் எழுதிக் கொடுத்தார். சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, சிறுநீர்ப்பையின் உட்சுவரை நேராகப் பார்ப்பதுதான் சிஸ்டோஸ்கோபி. "அந்த இடத்துல குழாயா? நான் வரலை" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்த லேபின் விளம்பரம் என் கண்ணில் பட்டது. போன் செய்தேன். "இந்த டெஸ்ட் பண்ணிட்டா சிஸ்டோஸ்கோபி தேவைப்படாது சார்" என்று தெளிவாகவே சொன்னார்கள். சைட்டாலஜி என்ற செல் சோதனை, அதோடு ஒரு புரதச் சோதனை, இரண்டும் சேர்ந்த பேக்கேஜ். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். அப்பா பிடித்தது ஆறேகால் மணிக்கு. ஆள் வந்து எடுத்துப் போனபோது பதினொன்றே முக்கால். அதுவரை அந்தப் பாட்டில் ஜன்னலோரம் வெயிலில் இருந்தது.

மூன்று நாளில் நான்கு பக்க ரிப்போர்ட். முதல் பக்கத்தில் பெரிய பச்சை டிக், 'நெகட்டிவ்', கீழே 'அபாயம் குறைவு'. நானே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஸ்கேனையும் தள்ளிப்போட்டோம்.

ஐந்து மாதம் கழித்து ரத்தம் கட்டிகட்டியாக வந்தது. இந்த முறை அப்பா மறுக்கவில்லை. மரத்துப்போகும் ஜெல் போட்டு, வளையும் குழாயை விட்டு, சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். திரையை நானும் பார்த்தேன். இளஞ்சிவப்புச் சுவரிலிருந்து ஒரு காம்பு, அதன் நுனியில் நீருக்குள் ஆடும் பாசி மாதிரி விரல்விரலாக ஒரு கட்டி. "இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?" என்று அப்பா கேட்டார். குழாயைத்தான் சொன்னார்.

சிறுநீரக அறுவை நிபுணரிடம் பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். சைட்டாலஜி என்பது சிறுநீரில் உதிர்ந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. 1945லேயே பாப்பனிகொலா, மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் எழுதிய முறை இது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எடுக்கும் சோதனையை பாப் ஸ்மியர் என்கிறோமே, அதே பாப்பனிகொலாதான். வீரியம் மிகுந்த புற்றுநோயில் செல்கள் உருக்குலைந்து உதிரும், அதை இந்தச் சோதனை நன்றாகவே பிடிக்கும். வீரியம் குறைந்த கட்டியின் செல்கள் பார்க்கச் சாதாரணச் செல் மாதிரியே இருக்கும், அதிகம் உதிரவும் உதிராது. அப்பாவுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. போதாததற்கு முதல் சிறுநீர் வேறு. இரவு முழுக்கப் பையில் கிடந்த செல்கள் சிதைந்து போயிருக்கும் என்பதால், சைட்டாலஜிக்கு அதற்கு அடுத்து வரும் சிறுநீரைப் புதிதாகப் பிடித்துச் சீக்கிரம் அனுப்பச் சொல்வதுதான் வழக்கமாம். அதன் பிறகு ஐந்தரை மணி நேரம் வெயில்!

புரதச் சோதனைகளும் சின்னக் கட்டிகளைத் தவறவிடும். அதோடு, கல்லோ கிருமித்தொற்றோ இருந்தால் புற்றுநோய் இல்லாதவருக்கும் 'பாசிட்டிவ்' காட்டலாம். இதையே அந்த லேப் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் 'வருடாந்திரப் பரிசோதனை' என்று விற்கிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் புற்றுநோயைத் தேடிச் சோதிப்பதில் நன்மை உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2011லேயே சொல்லிவிட்டது.

சோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கே இப்போது தொடர் கண்காணிப்பில் சில சமயம் சைட்டாலஜி எடுக்கிறார்கள். சுவரோடு ஒட்டித் தட்டையாகப் பரவும் வகை கேமராக் கண்ணுக்குத் தப்பலாம், அப்போது சைட்டாலஜி உதவும். அது சிஸ்டோஸ்கோபியோடு சேர்த்துச் செய்வது. கண்ணுக்குத் தெரிய ரத்தம் போனவருக்கு அதற்குப் பதிலாக இதை விற்றதுதான் அநியாயம்.

கட்டியைக் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை. வீரியம் மிகுந்த வகையாக இருந்திருந்தால் அந்த ஐந்து மாதம் வேறு கதையாகியிருக்கும் என்றார் டாக்டர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லேபுக்குப் போன் செய்தேன். "நாலாம் பக்கத்துல போட்டிருக்கோமே சார்" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், எறும்பு எழுத்தில், 'இந்த முடிவு சிஸ்டோஸ்கோபிக்கு மாற்றாகாது.' போனில் எனக்குச் சொன்னதற்கு நேர் எதிர். எழுத்தில் பதில் கேட்டேன், வரவில்லை. அடுத்த டெஸ்டுக்குச் சலுகை தருவதாக மட்டும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரிப்போர்ட்டையும் அந்தக் குறுஞ்செய்தியையும் சேர்த்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.