நள்ளிரவில் மறுபடி நிரம்பும் நேரம்: ஆப் டைமரோடு ஒன்றரை வருடம்

ஒரு ஆப்பை நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று வரம்பு வைக்கும் ஆப் டைமரை, என் ஆண்ட்ராய்டு போனில் நான் பயன்படுத்தத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதற்கென்று தனியாக எதையும் இறக்கவில்லை. செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்று இருப்பதுதான். கூகுள் 2018-லேயே இதை அறிவித்தது. ஐபோனிலும் அதே ஆண்டு ‘ஸ்கிரீன் டைம்’ வந்தது. அத்தனை வருடம் கையிலேயே இருந்தும் நான் திறந்து பார்த்ததில்லை. இரவு பத்து மணிக்குப் படுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் ஒரு மணி வரை போகும். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குத் தூக்கக் கலக்கத்தோடு பைக் ஓட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் சிக்னலில் கண் சொக்கிவிட்டது. அன்றுதான் திறந்தேன்.

ஆர்வத்தில் எடுத்த எடுப்பிலேயே ரீல்ஸ் ஆப்புக்கு 30 நிமிடம் வைத்துவிட்டேன். அது மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே தீர்ந்துவிடும். நேரம் முடிந்ததும் ஆப் மூடிக்கொள்ளும், ஐகான் சாம்பல் நிறமாகிவிடும். மறுபடி பார்க்க வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குப் போய் டைமரை நீக்க வேண்டும். சில விநாடி வேலைதான். நான்காம் நாள் நீக்கினேன்; மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாவது முறை, எதையும் தடுக்காமல் ஒரு வாரம் கணக்கை மட்டும் பார்த்தேன். ரீல்ஸ் ஆப்புக்கு மட்டும் நாளொன்றுக்கு 2 மணி 40 நிமிடம். ஒரே நாளில் போனைத் திறந்தது 112 முறை. அதனால் 2 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் குறைத்துக்கொண்டே வந்தேன். 45 நிமிடத்துக்கு இறங்க இரண்டரை மாதம் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

ஆனால் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது. 11:40-க்கு நேரம் தீர்ந்தால் நான் இருபது நிமிடம் செய்தி, கிரிக்கெட் ஸ்கோர் என்று எதையாவது புரட்டிக்கொண்டு காத்திருப்பேன். பன்னிரண்டு அடித்ததும் மறுநாளுக்கான 45 நிமிடம் கைக்கு வந்துவிடும், அப்போதே பார்த்து முடிப்பேன். பகலெல்லாம் ஆப் பூட்டியே கிடக்கும். கணக்கில் பார்த்தால் நான் கட்டுப்பாடான ஆள். கண் எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை மட்டும் டைமர் எண்ணுகிறது, எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அப்புறம் பெட்டைம் மோடை இரவு 10:15-க்கு வைத்தேன். அது ஆப்பைப் பூட்டாது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி அறிவிப்புகளை அமைதியாக்கும். கலர் போனால் ரீல்ஸில் பாதி ருசி போய்விடுகிறது. சார்ஜரை ஹாலுக்கு மாற்றி, எழுப்புவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன். இவை மூன்றும் சேர்ந்த பிறகுதான் பதினொரு மணிக்குள் தூங்க ஆரம்பித்தேன்.

ஓட்டைகளும் உண்டு. ஆப்பைப் பூட்டினாலும் அதே தளம் பிரவுசரில் திறக்கும். குரோமில் தளத்துக்கும் டைமர் வைக்கலாம் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொன்று, பூட்டிய ஆப்பின் அறிவிப்புகள் வராது. அத்தை மகள் வளைகாப்புத் தேதியை அதில் அனுப்பியிருந்தாள், மறுநாள்தான் பார்த்தேன். ஆள் கூப்பிடுகிற, செய்தி அனுப்புகிற ஆப்புக்கு டைமர் வைக்காதீர்கள்.

மனைவியிடம் ஐபோன். அதில் நேரம் முடிந்தால் ‘இன்னும் ஒரு நிமிடம்’, ‘15 நிமிடத்தில் நினைவூட்டு’, ‘இன்றைக்கு வரம்பு வேண்டாம்’ என்று கேட்கும். கை தானாகவே மூன்றாவதைத் தொட்டுவிடுகிறது என்றாள். கடவு எண் போட்டால் அந்த வழியை அடைக்கலாம். அவளே கேட்டுக்கொண்டதால் எண்ணை நான் வைத்திருந்தேன். “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நம்பரைச் சொல்லுங்க” என்று அவள் கேட்பதும் நான் மறுப்பதுமாக ஒரு வாரம் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவன் மனைவிக்குள் இது வேண்டாம் என்றே தோன்றுகிறது. இப்போது எண் அவள் தங்கையிடம் இருக்கிறது. போன் போட்டுக் கேட்க வேண்டும் என்பதாலேயே பெரும்பாலும் கேட்பதில்லை.

ஐபோனில் கிழமைக்கு ஒரு நேரம் வைக்க முடிகிறது, என் போனில் அந்த வசதி இல்லை. ஞாயிறு காலை டைமரை நீக்கி இரவில் மறுபடி வைக்கிறேன். இரண்டு முறை வைக்க மறந்துபோனேன். அந்த இரண்டு வாரமும் புதன்கிழமைக்குள் ஒரு நாள் கணக்கே 2 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.